முதல் பக்கத்திலேயே குற்றவாளி

தோணிரேவு படகுத்துறையில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தாள் செல்வம்மாள். துணைக்குத் துப்பறியும் நாவல்கள்தான். போன வாரம் அதுவும் கசந்துவிட்டது.

"இனிமே புக்கே வேணாம்யா. இருபதாம் பக்கத்துலயே எவன் டுபாக்கூர்னு தெரிஞ்சுடுது" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றைக்குச் சோறும் இறங்கவில்லை.

புருஷன் கோதண்டம் விடவில்லை. மறுநாள் ஏரியில் மீன்பிடித்துத் திரும்பும்போதே படிப்பகத்தில் இன்னொரு நாவல் வாங்கிவந்து, கெஞ்சிக் கூத்தாடிக் கையில் திணித்தான். பிரித்தவள் அலறினாள்.

"எந்தக் கட்டையில போறவன் வேலை இது? 'திருடியது டிரைவர்தான்'னு முதல் பக்கத்துலயே பென்சில்ல எழுதி வச்சிருக்கான்!"

"அய்யய்யோ! திருப்பிக் குடுத்துடவா?"

"இருய்யா. அவன் சொல்றது நிசமான்னு பாக்குறேன்."

அடுத்த நாள் கோதண்டம் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"திருடினது டிரைவர் இல்லய்யா! துப்பறிய வந்தானே, அவனேதான் திருடன்! பென்சில்ல எழுதினவன் என்னையே ஏமாத்திட்டான். நம்ம ஊர்ல எவன்யா அவ்ளோ பெரிய கில்லாடி? உன்மேல சந்தேகமில்ல, நீ கைநாட்டு."

"ஆமா, எனக்கு இன்னா தெரியும்?" என்று சோற்றுத்தட்டை நீட்டினான். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

சாயங்காலம் படிப்பகத்தில் அடுத்த நாவலை எடுத்துக்கொண்டு, பொறுப்பாளர் வித்யாவிடம் போனான் கோதண்டம்.

"இதுலயும் திருடாதவன் எவனாச்சும் ஒருத்தன் பேரை எழுதிக் குடும்மா."

வித்யா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பென்சிலைச் சீவினாள்.

"சமையல்காரி பேரைப் போடவா மாமா?"

"போடும்மா. இன்னும் ரெண்டு நாளைக்கு நல்லா சாப்பிடுவா."