நட்சத்திரப் பய

“ஏளா பானு, இந்தக் களவாணிப் பயலைப் பாரு! நான் வெலயை ஏத்துன மறு நிமிசமே அவனும் ஏத்துதான். இவன் சோறு தண்ணி திங்க மாட்டானா?”

பின்னறையிலிருந்து சுடலைக்கண்ணன் போட்ட சத்தத்தில் தெருநாய் குரைத்தது. அடுக்களையில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்த பானுப்ரியா எழுந்திருக்கவில்லை. இரண்டு கையிலும் செதில்.

“அவன் திங்கட்டும், திங்காமப் போகட்டும். நீங்க மொதல்ல குளிக்கப் போறியளா இல்லியா?”

அவன் போனும் கையுமாக அடுக்களைக்கே வந்துவிட்டான். இரும்புக்கடை வைத்திருப்பவன். நாலு ஆணி வாங்க நாற்பது கேள்வி கேட்கிறவர்களிடம்கூட முகம் சுளிக்க மாட்டான். பழைய ஃபிலிம் கேமரா என்றால் மட்டும் புத்தி பேதலித்துவிடும். ஆன்லைன் ஏலத்தில் பழுதான கேமராவாகப் பார்த்து எடுப்பான். கழற்றுவான், மாட்டுவான். பாதி ஓடும், பாதி ஓடாது. தூத்துக்குடி உப்புக்காற்றில் துருப்பிடிக்கிறது என்று பாகங்களையெல்லாம் அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்ததில், போன வாரம் ஒரு ஸ்பிரிங் சோற்றில் வந்தது.

“ஜெர்மன் கேமரா பானு. மேல ஒரு லென்ஸ், கீழ ஒரு லென்ஸ். ஷட்டர் மட்டும்தான் இறுகிக் கெடக்கு, நான் ஓட வச்சிருவேன். அதுக்குப் போயி இந்த நட்சத்திரப் பய குறுக்க வாரான்.”

அந்த ஏலத்தில் கேட்கிறவர் பெயரைக் காட்ட மாட்டார்கள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக நட்சத்திரக் குறிகள்தான் இருக்கும். எதிராளிக்கு அவனாக வைத்த பெயர் அது.

“நீங்க ஒண்ணையும் ஓட வைக்க வேண்டாம்! அந்த ரூமைத் தாரேன் தாரேன்னு எத்தன தடவ சொல்லியாச்சு? பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்க ஆர்டர் வந்து நிக்கி. ஓவர்லாக் மெஷினுக்குச் சீட்டு எடுத்து பேங்க்ல போட்டு வச்சிருக்கேன். மெஷினை எங்கன போட? ஒங்க தலையிலயா? இந்த ஆர்டர் கையை விட்டுப் போச்சுன்னா, அப்புறம் ஒருத்தன் என்னைத் தேடி வர மாட்டான்!”

“அதான் நேத்தே சுடலைமாடன் சாட்சியாச் சொன்னேன்லா? இதுதான் கடைசி. இது வந்தா, ஓட வச்சுட்டுத்தான் ரூமு. தகையலன்னா அத்தனையையும் மூட்டை கட்டிருதேன், ரூமை இன்னைக்கே எடுத்துக்கோ.”

பேசியபடியே மறுபடி ஏற்றினான். கண்மூடித் திறப்பதற்குள் எதிராளியின் விலை அதற்கு மேலே போய் நின்றது.

“ஓகோ! இப்பந்தான் வெளங்குது. இன்ன ரூவா வரைக்கும் போகலாம்னு மொதல்லயே போட்டு வச்சிருக்கான். நான் ஏத்த ஏத்த அவன் பேருல அதுவா ஏறும்.”

“அப்பச் சரி, விட்டுருங்க. ஒங்களுக்குத் தகையலன்னு ஆயிப்போச்சு.”

“விடுததா? எனக்கு இப்பம் அந்தக் கேமராவே வேண்டாம் பானு. ஆனா இந்தப் பய அதைச் சும்மா தூக்கிட்டுப் போயிரக் கூடாது. மடி கிழியக் கிழியக் குடுக்கணும்!”

ஒரேயடியாக ஆயிரம் ஏற்றினான். எதிராளியும் ஏறினான். இன்னும் இரண்டாயிரம். அதற்கும் ஏறினான். சுடலைக்கண்ணன் தொடையில் அறைந்துகொண்டு சிரித்தான். அது சிரிப்பா, கடுப்பா என்று சொல்ல முடியாது.

பானுப்ரியா மீன் சட்டியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். “போதும்ங்க. நான் சொல்லுததைக் கொஞ்சம் கேளுங்க…”

“பேசாத! இன்னும் அஞ்சு நிமிசந்தான் இருக்கு.”

“பாவம்ங்க, அந்தாளுக்கும் ஒரு குடும்பம் இருக்கும்லா?”

“இருக்கட்டும். இன்னைக்கு அந்த வீட்டுல அடுப்பு எரியக் கூடாது. அவன் பொண்டாட்டி வெளக்குமாத்தைத் தூக்கணும்!”

செதில் கையோடு போனைப் பிடுங்கப் பாய்ந்தாள். அவன் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடியே அழுத்தினான். அழுத்தினான். இன்னொரு தடவையும் அழுத்தினான்.

“மனுசனா நீங்க?” என்று கத்தினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“ஏளா, நம்ம காசா போகுது? ஊரான் காசு. நீ எதுக்கு இந்தப் பதறு பதறுத?”

ஏலம் முடிந்தது. ஜெயித்தது நட்சத்திரப் பயதான். சுடலைக்கண்ணன் நெற்றி வியர்வையைத் துடைத்தான்.

“இப்பந்தான் வயிறு குளுந்துச்சு. சாவட்டும் மூதி!”

சொன்ன சொல் தவறாதவன். நேரே பின்னறைக்குப் போய், கேமராக்களை அள்ளி அள்ளிச் சாக்கில் போட ஆரம்பித்தான். அங்கிருந்தே குரல் வந்தது. “இந்தா பானு, ரூமு ஒனக்குத்தான். நாளைக்கே போயி மெஷினை வாங்கிட்டு வா!”

அவள் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துவிட்டு, அலமாரியில் புளி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்த தன் போனை எடுத்தாள். புது ஆளைச் சேர்த்துவிட்டால் தனக்குத் தள்ளுபடி உண்டு என்று போன மாதம் சுடலைக்கண்ணனே அதில் ஏற்றிக் கொடுத்திருந்த ஏல ஆப்பில் ஒரு செய்தி வந்திருந்தது.

‘வாழ்த்துகள் பானுப்ரியா! ஏலத்தில் வென்றவர் நீங்கள். பணம் உங்கள் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது. பொருள் திருப்பி எடுக்கப்பட மாட்டாது.’

சீட்டுப் பணத்தில் மிச்சம் இருந்தது ஓவர்லாக் மெஷினுக்கு நூல் வாங்கத்தான் போதும்.