தொலைநோக்கியின் மூடி

தொலைநோக்கியின் மூடியைக் கழற்றாமலே இரவு முழுக்கப் படம் எடுத்துத் தள்ளியிருந்தார் குணசீலன். ராஜகிரிக் கோட்டைக்கு மேலே தெரிந்திருக்க வேண்டிய பக்கத்து விண்மீன் மண்டலங்களுக்குப் பதிலாகக் கணினியில் வெறும் கறுப்பு. செஞ்சியின் மாபெரும் விஞ்ஞானி என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

மனைவி ஷோபனா இறந்தபின் கொல்லையில் திறந்து மூடும் தகரக் கூரை போட்டு அவரே கட்டிய வானாய்வுக்கூடம் அது. கேட்க ஆளில்லாவிட்டாலும் உள்ளே விடிய விடிய விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார். "என் பேச்சு தொந்தரவா இருக்குதாம்மா?" என்று பக்கத்து வீட்டுப் பூவாயியைக் கேட்கும்போதெல்லாம் அவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

இன்று அவர் மூடியைப் பற்றிப் புலம்பியதும் பூவாயி துணி உலர்த்துவதை நிறுத்தினாள்.

"நீங்க பேசறது பரவால்ல சார். 'மூடியக் கழட்டுங்க, மூடியக் கழட்டுங்க'ன்னு ஷோபனாக்கா ராவெல்லாம் கத்திக்கினே இருந்துச்சே. உங்களுக்குக் கேக்கவே இல்லியா?"