பாறையடி நிறுத்தம்

பஸ் நிறுத்தம் கேட்டு மனு போட்டவர்களை, தடத் திட்ட ஆபீஸில் வருஷம் ஒருமுறை விசாரணைக்கு விளிப்பார்கள். குமாஸ்தா வராந்தாவில் நின்று மூன்று தடவை பெயர் சொல்வார். வந்தவர் மனுவில் கைநாட்டு வைக்க வேண்டும். வராவிட்டால் மனு தள்ளுபடி.

பாறையடியில் நிறுத்தம் கேட்டு 1950-இல் மனு போட்டவள் பூங்கனி. அதே வருஷம் பஸ் நிற்காமல் போனதால், பிரசவ வலியோடு நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். பாதி வழியில் தாயும் பிள்ளையும் செத்துப்போனார்கள்.

1954-இலும் குமாஸ்தா வேதமணி அவள் பெயரை மூன்று தடவை விளித்தார். வராந்தாவில் யாருமில்லை. உள்ளே வந்து பார்த்தால், மனுவில் மை காயாத இரண்டு கைரேகைகள். அதற்கு மேலே முந்தைய மூன்று வருஷத்து ரேகைகள், இரண்டிரண்டாக. பெரியது மாறவே இல்லை. சின்னது முதல் வருஷம் நெல்மணி அளவு இருந்தது. இப்போது புளியங்கொட்டை அளவு.

"செத்தவளுக்கு எதுக்கு ஓய் நிறுத்தம்? ஆள் வரலைன்னு எழுதித் தள்ளும்," என்றார் சூப்பிரண்டு பகவதியப்பன்.

"நான் விளிச்சேன், அவ வந்தா. வரலைன்னு என் கை எழுதாது சார்."

வேதமணி 'ஆஜர், இருவர்' என்று எழுதி, அடுத்த வருஷ விசாரணைக்குத் தேதி போட்டார். பிறகு மைப்பெட்டியை மேசையிலிருந்து எடுத்து, சின்னக் கைக்கு எட்டும்படி தாழ்ந்த ஸ்டூலில் வைத்தார்.