மொட்டைக் கடுதாசி

"இன்னிக்கு அவன் மானத்தைக் கப்பலேத்தாம நான் வீடு திரும்ப மாட்டேன்!"

சட்டைப்பையில் நாலாக மடித்து வைத்திருந்த மொட்டைக் கடுதாசியைத் தட்டிப் பார்த்துக்கொண்டார் கிரேன்காரர். இருபத்தாறு வருஷமாகத் துறைமுகத்தில் கப்பல் கப்பலாகச் சரக்குப் பெட்டிகளை இறக்கியவர். பத்து நாளாக அவரைக் கிரேனில் ஏற விடவில்லை. விசாரணை முடிகிறவரை என்று சொல்லி, கோடவுன் வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். எல்லாம் இந்த ஒரு தாள் செய்த வேலை.

'இவரை இனி மேலே ஏற்ற வேண்டாம். முன்னைப் போல் இல்லை. இரண்டு முறை பெட்டி தலையில் மோதாமல் ஆட்கள் நூலிழையில் தப்பினார்கள்.' மூன்றே வரி. ஆபீஸ் பியூன் மனசு கேட்காமல் ரகசியமாக ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருந்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தும் அடியில் ஒரு பேரைக் காணோம்.

பேர் இல்லாவிட்டால் என்ன, கொட்டை கொட்டையான அந்த எழுத்து அவருக்குத் தெரியாதா? தினமும் காலையில் யாருக்கு எந்த வேலை என்று கரும்பலகையில் எழுதுகிற போர்மேனின் எழுத்து. ஒன்பது வருஷம் அவர் கிரேனுக்குக் கீழே நின்று சைகை காட்டியவன். அவனைப் போர்மேனாக்கச் சொல்லி மேனேஜரிடம் கெஞ்சியதே இவர்தான்.

துரோகத்தைக்கூட அவர் விழுங்கியிருப்பார். போன வருஷம் கேன்டீன்காரரைப் பற்றி ஒரு மொட்டைக் கடுதாசி வந்தபோது, அதை அத்தனை பேர் முன்னாலும் கிழித்துப் போட்டவன் இதே போர்மேன். "பேரைப் போட தைரியம் இல்லாதவன் பேனாவைத் தொடக் கூடாது!" என்று முழங்கினான். முதலில் கை தட்டியவர் கிரேன்காரர். அந்த வேஷத்தைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை.

சாப்பாட்டு டப்பாவை மூடிக் கொடுத்த மனைவி கேட்டாள். "அவருதான் எழுதினாருன்னே வச்சுக்குவோம். எழுதினது நெஜமா, பொய்யா?"

"அதுவா இப்ப கேள்வி? படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்! அப்படிப்பட்டவன் உண்மையே சொன்னாலும் அது பொய்தான்."

"நல்ல நியாயம்! குடிகாரன் ஓடி வந்து வீடு பத்திக்கிச்சுன்னு கத்தினா, முதல்ல அவன் வாயை மோந்து பாப்பீங்களா? குடுங்க அதை, நானும் படிச்சுப் பாக்குறேன்."

"அந்தக் கழிசடையை நீ தொடாத!"

ஆட்கள் இரண்டு முறை நூலிழையில் தப்பியது பொய்யில்லை. ஆனால் அது கீழே நிற்கிற புதுப் பயல்களின் சோம்பேறித்தனம். ஒழுங்காகக் கையை ஆட்டத் தெரியாத கூட்டம். அதனால்தான் ஒரு வருஷமாக, சைகையே வேண்டாம், எல்லாவற்றையும் வாக்கி-டாக்கியில் வாயால் சொல்லுங்கடா என்று அவர் மாற்றி வைத்திருந்தார்.

மதியம் சாப்பாட்டுக் கூடம் நிரம்பி வழிந்தது. போர்மேனைச் சங்கச் செயலாளராகத் தேர்ந்தெடுக்கக் கை தூக்கச் சொன்னார் தலைவர். கிரேன்காரர் கை தூக்கவில்லை, எழுந்தே நின்றார்.

"ஊருக்கு உபதேசம் பண்ற உத்தமனுக்கா ஓட்டு? என் சோத்துல மண்ணை அள்ளிப் போட்ட மொட்டைக் கடுதாசி இது. யாரு எழுத்துன்னு நீங்களே பாருங்க!"

போர்மேன் எழுந்து வந்தான். "அண்ணே, இதைச் சொல்லத்தான் ரெண்டு தரம் வீட்டுக்கு வந்தேன்..."

"வந்தே! உன் மூஞ்சியில முழிக்கப் பிடிக்காமத்தான் கதவைத் தொறக்கலை!"

தாளைத் தலைவர் கையில் திணித்தார். "சத்தமாப் படிங்க. முடிச்சுட்டு, அடியில பேரு இருக்கா இல்லையான்னும் எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க!"

தலைவர் மூன்று வரியையும் படித்தார். அப்புறம் தாளையே பார்த்தார். கிரேன்காரரைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தாளைப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினார். அவர் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார். கூடத்தில் ஒரு தட்டு நகரும் சத்தம்கூட இல்லை.

கிரேன்காரருக்கு உள்ளம் குளிர்ந்தது. பத்து நாளாக இந்த மௌனத்துக்காகத்தான் அவர் காத்திருந்தார். போர்மேன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வதாகப் பக்கத்தில் யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தபோது, இன்னும் நன்றாக அழட்டும் என்று நினைத்தார்.

"என்ன, எல்லாருக்கும் வாயடைச்சுப் போச்சா? சொல்லுங்க தலைவரே! தைரியசாலி பேரைப் போட்டிருக்கானா?"

தலைவர் தாளை வாங்கிக்கொண்டு வந்து அவர் தோளில் கை வைத்தார். "போட்டிருக்காருண்ணே."

"வெளையாடுறியா?" கிரேன்காரர் தாளைப் பிடுங்கினார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். "எங்கய்யா இருக்கு? அடியில வெறும் வெள்ளையாத்தானே கெடக்கு!"

தலைவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஜெராக்ஸ்ல கொஞ்சம் மங்கலாத்தான் விழுந்திருக்குண்ணே... ஆனா, எங்க எல்லாருக்கும் தெரியுதே!"