தோளை ஒட்டி நிற்கும் மரம்

மடிக்கணினித் திரையில் மாப்பிள்ளை தென்னந்தோப்புக்கு நடுவே நிற்கிறான். மல்லசமுத்திரத்து ஸ்டுடியோ ஒன்றில் போட்டோ எடிட்டிங் பழகும் தனப்பிரியா, தரகர் அனுப்பிய அந்தப் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறாள். பக்கத்து வீட்டு விசைத்தறி விடாமல் தடதடக்கிறது. மேசைமேல் சொம்புத் தண்ணீர் நடுங்குகிறது. பின்னால் நிற்கும் அம்மா பாவாயியின் கண் மாப்பிள்ளையைத் தாண்டித் தென்னையிலேயே இருக்கிறது. “எல்லாம் காய்ப்பு மரம் சாமி. தரகருக்குச் சரின்னு சொல்லிப்போடட்டுமா?” தனப்பிரியா படத்தை இன்னும் பெரிதாக்குகிறாள். அவன் தோளை ஒட்டி நிற்கும் மரத்தில் ஒரு மட்டை முறிந்து தொங்குகிறது. கொஞ்சம் தள்ளி இன்னொரு மரத்திலும் அதே முறிவு, மட்டை நுனியில் அதே காக்கை. இந்த வேலையை அவளே நேற்றுத்தான் பழகினாள்: படத்தில் வேண்டாததை மறைக்க, பக்கத்தில் இருப்பதை நகலெடுத்து அதன்மேல் பூசிவிடுவது. “இந்த மரம் பொய்ம்மா.” “ஒரு மரம் கொறைஞ்சா இப்ப என்ன? தோப்பு பெருசாத் தெரியோணும்னு போட்டிருப்பாங்க.” தோப்புக்காகத்தானா? தனப்பிரியா மவுஸால் படத்தை மெல்ல மேலே தள்ளுகிறாள். சட்டை, வேட்டி, செருப்பு, அதற்கும் கீழே வெயில் விழுந்த செம்மண். “பையன் ஒத்தையில எவ்வளவு லச்சணமா நிக்கறான் பாரு” என்கிறாள் பாவாயி. செம்மண்ணில் இரண்டு நிழல்கள் கிடக்கின்றன. ஒன்றின் தோளில் மற்றதன் தலை சாய்ந்திருக்கிறது.