விருந்தாளிக்கு ஆடிய ஆட்டம்

மலைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய பாறையில் தேனீக்கள் காலங்காலமாக அடை கட்டி வாழ்ந்தன. ஒருநாள் கரடி அவற்றை விரட்டிவிட்டுப் பாறையை வளைத்துப் போட்டது. தேனீக்கள் இந்தப் பக்கம் ஒரு பட்டமரத்தில் வந்து ஒண்டின.

சேதி கடல் கடந்து போனது. பல நாட்டுப் பறவைகளின் சபை, நேரில் பார்த்து வரச் சொல்லி ஒரு நாரையை அனுப்பியது.

கரடி வாயெல்லாம் பல்லாக வரவேற்றது. "இவங்க பரம்பரையா இந்த மரத்துலதாங்க இருக்காங்க. ஒரு குறையும் கிடையாது."

நாரை தேனீக்கள் பக்கம் திரும்பியது. "நீங்க சொல்லுங்க."

ரீங்கி என்ற தேனீ முன்னால் வந்தது. கரடி குறுக்கே விழுந்தது. "அதுக்குப் பேச வராதுங்க. ஆட்டம்தான் பிரமாதமா ஆடும். ஏய், விருந்தாளிக்கு உங்க ஆட்டத்தை ஆடிக் காட்டு!"

ரீங்கிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எந்தப் பக்கம் போக வேண்டும், எவ்வளவு தூரம் என்பதைத் தேனீக்கள் ஆடித்தான் சொல்லும். பாவம், கரடி அதை என்ன கண்டது? ரீங்கி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பாறைக்குப் போகும் வழியை ஆடியது. கூட்டம் முழுக்கச் சேர்ந்து அதே வழியை ஆடியது.

"பலே! இன்னொரு தடவை!" என்று கரடி கைதட்டியது.

நாரை ஆட்டத்தைப் பார்த்தது, சூரியனைப் பார்த்தது. சூரியனை வைத்துத் திசை பார்த்தே கடல் தாண்டிய பறவை அது. சட்டென்று சிறகை விரித்து மலைக்கு அந்தப் பக்கம் பறந்தது.

"ஐயோ, எங்கே போறாரு?" என்று கரடி பதறியது.

"எங்க வீட்டுக்கு" என்றது, பேச வராத ரீங்கி.