பேசக்கூடாத ஒரு மணி நேரம்

"ஊசி போட்டாச்சு. இனி ஒரு மணி நேரம் வாயே திறக்கக்கூடாது சார்," என்றாள் ஸ்கேன் அறை நர்ஸ் மகா.

"மூச்சு விடலாமாம்மா?" என்று கேட்டார் ஆதிகேசவன்.

"விளையாடாதீங்க. உணவுக்குழாய்ல இருக்கற கேன்சர், கழுத்து நெறிக்கட்டிக்குப் பரவியிருக்கான்னு பார்க்கத்தான் இந்த ஸ்கேன். பரவலன்னா செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். நீங்க பேசினா தொண்டைச் சதையெல்லாம் மருந்தை இழுத்துக்கிட்டு படத்துல பளிச்சுன்னு எரியும். எது நோய், எது பேச்சுன்னு டாக்டருக்கே தெரியாது."

"முப்பது வருஷம் சிட்டி பஸ்ல கண்டக்டரா இருந்தவன்கிட்ட போய் இதைச் சொல்றியேம்மா!"

வெளியே நின்ற அவர் மனைவி கிருஷ்ணம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "தூக்கத்துலயே டிக்கெட் கிழிக்கிற ஆளு. வாய்ல பிளாஸ்திரி ஒட்டிடும்மா."

ஓய்வறையில் இரண்டு நாற்காலிகள், நடுவில் ஒரு திரை. இந்தப் பக்கம் ஆதிகேசவன்; அந்தப் பக்கம் அடுத்த முறைக்காகக் காத்திருந்தவர் டென்சில். பப்பில் பவுன்சர் வேலை. ஆறடி இரண்டங்குலம் உடம்பைப் போர்வைக்குள் சுருட்டிக்கொண்டு, காலையிலிருந்து தேம்பிக்கொண்டே இருந்தார்.

அறையில் மைக் உண்டு. அதன் ஸ்பீக்கர் மகாவின் மேஜையில் இருந்தது. ஒரு மனுஷி ஒரு நாளைக்கு எவ்வளவு அழுகையைத்தான் கேட்பாள்? அவள் அதை அணைத்துவிட்டு டீயை எடுத்துக்கொண்டாள்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கேமராவில் ஆதிகேசவனின் வாய் அசைந்தது. சும்மா அசையவில்லை, கைகாலோடு அசைந்தது. இடுப்பில் இல்லாத பையைத் தட்டினார். இல்லாத விசிலை ஊதினார்.

மகா ஓடிப்போய்க் கண்ணாடிக் கதவைத் தட்டி, உதட்டில் விரலை வைத்தாள். அவர் பவ்யமாகத் தலையாட்டினார். அவள் நாற்காலிக்குத் திரும்புவதற்குள் மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்.

மூன்று தடவை தட்டினாள். மூன்று தடவையும் அதே தலையாட்டல். எரிச்சலில் டீ ஆறிப்போனது.

ஸ்கேன் படத்தைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இது கழுத்தா, தசராவுக்கு லைட் போட்ட மைசூர் அரண்மனையா? இதுல நெறிக்கட்டியை எங்க தேடறது? கழுத்தைத் திரும்ப எடுக்கணும். அடுத்த வாரம்தான் முடியும். ஆபரேஷனும் தள்ளித்தான் போகும்."

கிருஷ்ணம்மாள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"யோவ், உன் உசுருக்காக ஒரு மணி நேரம் வாயை மூட முடியலையா உன்னால? செவ்வாய்க்கிழமை எப்ப வரும் எப்ப வரும்னு உக்காந்திருந்தேனேய்யா! இன்னும் ஒரு வாரம் எனக்கு எப்படிய்யா தூக்கம் வரும்?" என்று முந்தானையில் மூக்கைச் சிந்தினாள்.

"பழக்க தோஷம்டி," என்றார் ஆதிகேசவன். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. பேச வேண்டிய நேரத்தில் மட்டும் மனுஷன் ஊமையாகிவிட்டாரே என்று மகாவுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

"உங்களால ஒரு ஸ்கேனே வேஸ்ட் சார். மத்தவங்களைப் பத்திக் கொஞ்சமாவது நினைச்சீங்களா?"

"தப்புதாம்மா," என்று ஓய்வறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, மனைவியின் பையை வாங்கிக்கொண்டு நடந்தார்.

மகா உள்ளே போனாள். "டென்சில் சார், உங்க முறை."

போர்வை விலகியது. கண்கள் சிவந்திருந்தன. ஆனால் அழுகை இல்லை.

"ரொம்ப தேங்க்ஸ் சிஸ்டர்."

"எதுக்கு?"

"ரேடியோ போட்டீங்களே, அதுக்கு. பேஷண்ட் யாரும் பேசக்கூடாதுன்னு சொன்னீங்க இல்ல? அதான் ரேடியோன்னு புரிஞ்சுது. 'எனக்கு ஸ்கேனும் வேணாம் ஒண்ணும் வேணாம், நான் பிரேசர் டவுன் வீட்டுக்கே போறேன்'னு எழுந்துட்டேன் சிஸ்டர். கரெக்டா அந்த நேரம் பார்த்து ரேடியோல ஒரு கண்டக்டர், 'படிக்கட்டுல நின்னு அழற அண்ணா, முந்தே ஹோகி, முன்னால போங்க, உள்ள சீட் இருக்குது'ன்னான். எனக்கே சொன்ன மாதிரி இருந்துச்சு. உக்காந்துட்டேன். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுல ஏத்தி, ஸ்டாப்புக்கு ஸ்டாப் கதை சொல்லி சிரிக்க வெச்சு, கடைசியில பிரேசர் டவுன்லயே எறக்கி விட்டான் சிஸ்டர்!"

மகா திரையின் அந்தப் பக்கம் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தாள்.

டென்சில் சுவரில் இருந்த மைக்கை நோக்கிக் கும்பிட்டார்.

"நான் அழுதது அதுல கேட்டதாலதானே ரேடியோ போட்டீங்க? உங்களுக்கு ரொம்ப நல்ல மனசு சிஸ்டர்."